வயதை விடுங்கள், தண்ணீரை அளந்து பாருங்கள்

நமது ஆற்றுத் தூண்டில் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

கடந்த கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தை எதிர்த்து இதை எழுதுகிறேன். 65 வயது நிறைந்த உறுப்பினர்கள் இனி முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது, பொழுது சாய்ந்த பிறகு ஆற்றோரம் இருக்கக் கூடாது, கரையை ஒட்டிப் போட்டிருக்கும் மரமேடையிலிருந்து மட்டும் தூண்டில் போடலாம் என்கிறது அது. எனக்கு வயது 68. இந்த விதி யாரைக் கட்டுப்படுத்தப் போகிறதோ அவர்களில் ஒருவரைக்கூட அழைத்துக் கேட்காமல் முடிவு செய்திருக்கிறீர்கள். முன்பு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு ‘குழு பரிசீலிக்கும்’ என்ற வாய்ச்சொல்லைத் தவிர வேறு பதில் வரவில்லை. அதனால்தான் எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

‘ஆறிலும் சாவு நூறிலும் சாவு’ என்று வீரம் பேச நான் வரவில்லை. வயதாக ஆக ஆறு ஆபத்தாகிறது என்பதை என் கால்கள் தினமும் எனக்குச் சொல்கின்றன. ஆனால் நீங்கள் ஆபத்தைத் தப்பான இடத்தில் தேடுகிறீர்கள், தப்பான கோலால் அளக்கிறீர்கள். இந்த விதியால் எங்களுக்கு இருக்கும் ஆபத்து குறையாது, கூடும். ஏன் என்று சொல்கிறேன்.

தீர்மானத்துக்குக் காரணமாக நீங்கள் காட்டுவது, எங்கள் மூத்த நண்பர் ஒருவர் போன பருவத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததை. அவர் எங்கே விழுந்தார்? தண்ணீரில் இல்லை. கீழ்த்துறைக்கு இறங்கும் மண்படியில். மழையில் ஊறிய களிமண், தோளில் பை, ஒரு கையில் தூண்டில் கம்பு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. நான் அவருக்குக் கொஞ்சம் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தேன். கால் வழுக்கியதும் அவர் கை தன்னால் பக்கவாட்டில் போனது. அங்கே பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போட்டுத் தாருங்கள் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறோம். ஒவ்வொரு முறையும் நிதி இல்லை என்றீர்கள்.

உங்கள் புதிய விதி அன்றைக்கே நடைமுறையில் இருந்திருந்தாலும் அவர் அதே படியில்தான் இறங்கியிருப்பார். ஏனென்றால் நீங்கள் எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் மரமேடைக்கும் அதே படிதான் வழி.

விபத்தால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் பேரைக் கொல்வது கீழே விழுவதுதான் என்றும், அப்படி இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதியவர்களைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படும் குழு முதலில் சரிசெய்ய வேண்டியது வழுக்கும் படியை. அதை விட்டுவிட்டு ஆற்றை எங்களுக்கு மூடுகிறீர்கள்.

அதே பருவத்தில் இன்னொன்றும் நடந்தது. அது உங்கள் குறிப்பேட்டில் இல்லை. தடுப்பணைக்குக் கீழே, முப்பது வயதுகூட ஆகாத உறுப்பினர் ஒருவர் மிதவைச் சட்டை போடாமல் மார்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். காலடிச் சரளை நழுவியது, ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நல்லவேளையாக ஓட்டம் அவரைக் கீழ்நோக்கித் தள்ளியது. தடுப்பணையை ஒட்டி இன்னும் நாலடி உள்ளே நின்றிருந்தால் கதை வேறு. அணையின் விளிம்பிலிருந்து விழும் நீர் அடியில் போய் மறுபடி அணையை நோக்கிச் சுருண்டு வரும். அந்தச் சுருளில் சிக்கியதை அது லேசில் வெளியே விடாது, மரக்கட்டையைக்கூட மணிக்கணக்கில் உருட்டிக்கொண்டிருக்கும். கயிறு வீசி அந்த இளைஞரைக் கரைக்கு இழுத்தது இரண்டு பேர். இரண்டு பேருக்கும் 65 தாண்டியாயிற்று. இதற்காக நீங்கள் எந்தத் தீர்மானமும் போடவில்லை. நல்ல நீச்சல்காரர், தப்பித்துக்கொண்டார் என்று பேசி முடித்துவிட்டோம்.

கூட்டத்தில் செயலாளர், உலகம் முழுவதும் நீரில் மூழ்கி இறப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்றார். அது சரியில்லை. 2021ல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 29 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை. குளத்தில் விழுந்த குழந்தைகள், படகு கவிழ்ந்தவர்கள் எல்லாம் அதில் சேர்த்தி. அது தூண்டில்காரர்களின் கணக்கு அல்ல. அதை வைத்து நான் வாதாடப் போவதில்லை. நீங்களும் வாதாட வேண்டாம்.

நாம் பேச வேண்டியது ஆற்றின் கணக்கு. ஓடும் நீரில் நிற்கும் ஒருவரின் காலை நீர் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இது ஒரு பக்கம். மறுபக்கம், ஆழம் கூடக் கூட நம் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. இடுப்பளவில் ஏறத்தாழப் பாதி எடைதான் பாதத்தில் இறங்கும். மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. எடை குறைந்தால் பிடிமானம் குறையும். அதாவது தள்ளும் விசை ஏறிக்கொண்டே போகிற அதே நேரத்தில் தரையின் பிடி விட்டுக்கொண்டே போகிறது. அதனால்தான் தொடை வரை தைரியமாக நின்றவர், இன்னும் ஒரு சாண் ஆழம் போனதும் தக்கை மாதிரி எழும்பிவிடுகிறார்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் ஆற்றில் இறங்கி நீரின் அளவை எடுப்பதையே தொழிலாகச் செய்பவர்கள். அவர்களிடையே ஒரு எளிய விதி உண்டு. ஆழத்தை அடிக்கணக்கில் எடுத்துக்கொள். நீரின் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்று எடுத்துக்கொள். இரண்டையும் பெருக்கினால் 10 வருமானால் இறங்காதே. இரண்டடி ஆழம், வினாடிக்கு நாலடி வேகம் என்றால் 8, இறங்கலாம். அதே வேகத்தில் மூன்றடி ஆழம் என்றால் 12; கரையிலேயே நில். இதில் யாருடைய பிறந்த தேதியும் இல்லை.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கரையில் இருபதடி இடைவெளியில் இரண்டு முளை அடித்து, ஒரு சுள்ளியைத் தண்ணீரில் போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணினால் போதும். ஐந்து வினாடி என்றால் நாலடி வேகம். மேற்பரப்பு நீர் பொதுவாக உள்நீரைவிட வேகமாகவே ஓடும், ஆகவே பிழை வந்தாலும் நமக்குச் சாதகமாகத்தான் வரும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் ஆட்கள் சொல்லி வைத்ததற்கு மேல் இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. வேகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது என் உடம்புக்கு வருகிறேன். அந்த விதியின் 10 என்பது உடல்வலு உள்ள, பழகிய ஆளுக்கு. எனக்கு நானே வைத்திருக்கும் எண் 5. அறுபதைத் தொட்டபோது 7 என்று வைத்திருந்தேன், முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் குறைத்தேன். யாரும் சொல்லி அல்ல. தொடைத்தசை வலுவிழந்தது, வழுக்கியதும் காலை மாற்றி வைக்கும் வேகம் குறைந்தது, உள்ளங்காலில் கல்லின் சரிவை உணரும் நுட்பம் மங்கியது. இவை எல்லோருக்கும் வருபவை. ஆனால் எல்லோருக்கும் ஒரே பிறந்தநாளில் வருவதில்லை. எழுபதைத் தாண்டியும் ஒற்றைக் காலில் நின்று காலணி மாட்டுகிறவர் நம் சங்கத்தில் இருக்கிறார். ஐம்பதில் சுவரைப் பிடிக்காமல் மாட்ட முடியாதவரும் இருக்கிறார். உங்கள் தீர்மானம் முன்னவரைத் தடுக்கிறது, பின்னவரை இடுப்பளவு ஓட்டத்துக்குள் அனுப்பி வைக்கிறது.

ஒற்றைக் காலில் நிற்பது விளையாட்டுச் சோதனை இல்லை. 51 முதல் 75 வயது வரை உள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2022ல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வினாடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, வயது, நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், நிற்க முடிந்தவர்களைவிட 84 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆற்றில் நடப்பது என்பதே ஒவ்வோர் அடியிலும் ஒற்றைக் காலில் நிற்பதுதான், அதுவும் பாசி பிடித்த கல்லின்மேல், பக்கவாட்டில் ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்க. கரையில் பத்து வினாடி நிற்க முடியாதவர் இறங்கக் கூடாது என்று விதி போடுங்கள், நான் முதல் ஆளாகக் கை தூக்குகிறேன். என்னால் முடியாமல் போகும் நாளில் அந்த விதிக்கு நானும் கட்டுப்படுவேன்.

மாத்திரைகளைப் பற்றி உங்கள் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு வியப்பு. இரத்த அழுத்தத்துக்கும், சிறுநீர் பிரிவதற்கும் மாத்திரை எடுக்கிறவர்களுக்குக் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும். மீனை விடுவிக்கக் குனிந்து எழும் நேரம் அப்படிப்பட்டது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவருக்கு, தலை பாறையில் மோதினால் சாதாரணக் காயமும் மூளைக்குள் கசிவாகலாம். வயதானவர்களுக்குக் குளிர் உறைக்கவே தாமதமாகும், நடுக்கமும் மந்தமாகும். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது திடீரென்று விழுந்தால் முதல் ஓரிரு நிமிடங்களுக்கு மூச்சு நம் வசம் இருக்காது. அந்த ஏங்கலில் ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனால் போதும், நீச்சல் தெரிந்தவரும் முடிந்தார். இதயத்துக்கும் அதே நிமிடங்கள்தான் சோதனை. இவற்றையெல்லாம் ஒரு மருத்துவரைக் கூப்பிட்டு உறுப்பினர்களுக்குச் சொல்ல வைத்திருந்தால் எவ்வளவோ பயன் இருந்திருக்கும்.

இருட்டைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது என்பார்கள். இருட்டுக்குப் பழக நேரமும் அதிகம் பிடிக்கிறது. அதனால் இருட்டிய பிறகு நான் தண்ணீரில் இறங்குவதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் இருட்டிய பின் கரையில் உட்காரவும் கூடாது என்பது எதற்காக? மீன் மேயத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவரை எது வந்து அடித்துக்கொண்டு போய்விடப் போகிறது? போகிற வழியில் வெளிச்சமில்லாததுதான் கவலை என்றால், விளக்குப் போடுங்கள்.

தீர்மானத்தோடு இணைத்த பக்கத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: வேடர்ஸுக்குள், அதாவது பாதத்திலிருந்து மார்பு வரை ஏறும் நீர்புகாக் காற்சட்டைக்குள், தண்ணீர் புகுந்தால் ஆளை அடியில் இழுத்துவிடும், ஆகவே முதியவர்களுக்கு அது தடை. தூண்டில்காரர்களிடையே தலைமுறைகளாக உலவும் கதை இது. லீ வுல்ஃப் என்ற அமெரிக்கத் தூண்டில்காரர் 1947ல் வேடர்ஸ் அணிந்தபடியே பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து, மேலே வந்து, இது பொய்யென்று காட்டினார். தண்ணீருக்குள் இருக்கும்வரை, உள்ளே புகுந்த தண்ணீருக்கு எடையே கிடையாது. கஷ்டம் கரையேறும்போதுதான்; இரண்டு கால்களிலும் குடம் குடமாகத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அதற்காகத்தான் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவது. விழுந்தபின் உயிரை எடுப்பது பெரும்பாலும் வேறு ஒரு தவறு: வேகமான நீரில் உடனே எழுந்து நிற்கப் பார்ப்பது. பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கும், ஓட்டம் உடம்பை முன்னால் மடக்கி முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும், முழங்காலளவு நீரிலும்கூட. மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, வேகம் தணிந்த இடம் வரும்வரை மிதந்து போக வேண்டும். அப்புறம் கரைப்பக்கமாகச் சரிந்து நீந்த வேண்டும். கிளைகள் நீருக்குள் கிடக்கும் விழுந்த மரத்தைக் கண்டால் மட்டும் எப்பாடு பட்டாவது விலக வேண்டும். நமது புதிய உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நீங்கள் யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா?

சரி, மேடையிலிருந்தே போடலாமே, அப்படி என்ன தண்ணீருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். ஆற்று மீன் பிடித்தவர்கள் கேட்கிற கேள்வியாக எனக்குத் தெரியவில்லை. மேடைக்கு முன்னால் இருப்பது தேங்கிய மடு, அடியில் சேறு. மீன் நிற்பது வேகநீரும் மெதுநீரும் உரசும் கோட்டில், பெரிய பாறைக்குப் பின்னால் உள்ள அமைதியில். அங்கே அதிகம் நீந்தாமல் நின்றுகொண்டு, பக்கத்து வேகநீர் கொண்டுவரும் இரையை ஒரு திரும்பலில் கவ்விக்கொண்டு மறுபடி தன் இடத்துக்கு வரும். மேடையிலிருந்து அந்த இடத்துக்கு வீசினால் நடுவில் உள்ள வேகநீரின் மேல் தூண்டில் நரம்பு விழுந்து வில்லாக வளையும். இரை இயல்பாக மிதக்காமல் இழுபடும். மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. தொடையளவு தண்ணீரில் பத்தடி உள்ளே நின்றால் கம்பை உயர்த்தி நரம்பை அந்த ஓட்டத்துக்கு மேலே பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பத்தடிதான் எங்களிடமிருந்து நீங்கள் பறித்தது.

அதோடு, மீனுக்காக மட்டும் இறங்குகிறேன் என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். காலடியில் கூழாங்கற்கள் உருளுவது, ஓட்டம் தொடையில் சாய்ந்து நிற்பது, எந்தக் கல்லை நம்பலாம் எதை நம்பக் கூடாது என்று பாதம் தடவித் தடவிப் பார்ப்பது, இவை எனக்கு வேண்டும். முப்பது வயதில் பாய்ச்சலான இடத்தைக் குறுக்காகக் கடந்து அக்கரைக்குப் போவது சாகசமாக இருந்தது. இன்று அதை நான் செய்வதில்லை. தடுப்பணைக்குக் கீழ்ப்பாறைக்குப் போவதில்லை. மேலே மதகு திறக்கும் நாட்களில், எவ்வளவு தெளிந்து கிடந்தாலும், கணுக்காலுக்கு மேல் நனைவதில்லை. மேல்பக்கம் மழை பெய்திருந்தால், இங்கே வெயிலடித்தாலும், கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து அது நனைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்; நனைந்தால் கிளம்பிவிடுவேன். கையில் ஊன்றுகழி, மேலே மிதவைச் சட்டை, பைக்குள் விசில். இடி கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிடுவேன், கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால். இப்படி எவ்வளவோ விட்டுக்கொடுத்து மிச்சம் வைத்திருப்பது ஒரு சின்ன இடம். அதில் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது, தெரியும். அதை எடை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். அதையும் எடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது மீன் பிடிப்பது அல்ல, மேடையில் உட்கார்ந்து பொழுது போக்குவது. அது சிலருக்குப் போதும். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

நான் கிளம்பும்போது என் மனைவி இரண்டே கேள்விகள்தான் கேட்பாள்: யாருடன் போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள். ஒரு நிர்வாகக் குழு கேட்க வேண்டிய கேள்விகளும் அவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் உங்கள் விதி வந்தபின் என்ன நடக்கிறது தெரியுமா? சங்கத்தின் துறைகளில் இறங்கினால் பேர் எழுதிக்கொள்வார்கள் என்று பயந்து, மூத்தவர்கள் சிலர் மேல்பக்கத்துக் காட்டோரத் திருப்பங்களுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். அங்கே கைப்பேசிச் சமிக்ஞை கிடையாது, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் கிடையாது. சேர்ந்து போனால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று தனியாகப் போகிறார்கள். வீட்டில் ‘மேடைக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாராவது ஒருவர் திரும்பி வராத அன்று நாம் எல்லோரும் மேடைப் பக்கம்தான் தேடிக்கொண்டிருப்போம். விதி போட்டவர்கள் இதை யோசித்தீர்களா?

உங்கள் பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. வயதானவர் ஒருவர் விழுந்தால் அவரைக் காப்பாற்ற இளையவர் ஒருவர் குதிப்பார், இரண்டு உயிர் போகும் என்று பொருளாளர் சொன்னார். இது என்னை யோசிக்க வைத்தது. காப்பாற்றப் போனவர் மூழ்கியது எத்தனையோ ஆறுகளில் நடந்திருக்கிறது. என் சாகசத்தை நான் எடை போடும்போது தராசில் இன்னொருவர் பிள்ளையும் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு மருந்து, யாரும் குதிக்கத் தேவையில்லாதபடி செய்வது. வீசுவதற்குக் கயிறு அடைத்த கயிற்றுப்பை ஒன்று ஒவ்வொரு துறையிலும் தொங்கினால், எப்படி வீசுவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், கரையில் நின்றபடியே இழுக்கலாம். தடுப்பணையில் அன்றைக்கு நாங்கள் அப்படித்தான் இழுத்தோம். அந்தக் கயிறும் சங்கத்தினுடையது அல்ல, கூட வந்த நண்பரின் வண்டியில் கிடந்தது.

விமானிகளுக்கும் 65தானே வரம்பு என்று இன்னொருவர் கேட்டார். பயணிகள் விமானம் ஓட்டுவோருக்கு சர்வதேச விதி அப்படித்தான். அவர் முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் முதுகில் இருப்பது ஒரு மீன்கூடை.

ஆகவே குழுவிடம் நான் கேட்பது இவை.

65 வயது என்ற வரியைத் தீர்மானத்திலிருந்து நீக்குங்கள். அதற்குப் பதிலாக எல்லா வயதினருக்கும் பொதுவான விதி ஒன்றைக் கொண்டுவாருங்கள்: தண்ணீரில் இறங்குகிற எவரும் மிதவைச் சட்டையும் இடுப்புப் பெல்ட்டும் அணிய வேண்டும், துணை இல்லாமல் முழங்காலைத் தாண்டக் கூடாது, போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இருபது வயதுக்காரரும் எழுதட்டும்.

ஒவ்வொரு துறையிலும் அடி குறித்த ஆழக்கம்பம் ஒன்றும், வேகம் பார்க்க இருபதடி இடைவெளியில் இரண்டு முளைகளும் நடுங்கள். பெருக்கி வரும் எண் 10 ஆனால் அந்தத் துறை அன்றைக்கு எல்லோருக்கும் மூடப்பட வேண்டும். அதற்குக் கீழே அவரவர் எண் என்ன என்பதை, ஆண்டுக்கு ஒருமுறை கரையில் நடத்தும் சிறு சோதனையை வைத்துத் தீர்மானிக்கலாம்: பத்து வினாடி ஒற்றைக் காலில் நிற்பது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, கயிற்றுப்பை வீசுவது. அந்தச் சோதனையை நிர்வாகக் குழுவினரும் எடுக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சிலருடைய எண்ணைப் பார்க்க எனக்கு ஆசை.

தடுப்பணைக்குக் கீழே அணையை ஒட்டிய பகுதியை யாருமே இறங்க முடியாதபடி இந்த மாதமே கயிறு கட்டி மூடுங்கள். இதற்குக் கூட்டம் கூடத் தேவையில்லை.

கீழ்த்துறைப் படிக்குக் கைப்பிடியும், வழியில் விளக்கும், எல்லாத் துறைகளிலும் கயிற்றுப்பையும் அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் போடப்பட வேண்டும். நிதி இல்லை என்றால் சொல்லுங்கள். மூத்த உறுப்பினர்கள் நாங்கள் வசூல் செய்து தருகிறோம். மரவேலை தெரிந்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள்.

விழுந்தால் எப்படி மிதப்பது, எப்படிக் கரையேறுவது என்று வருடத்துக்கு ஒருமுறை மெதுநீரில் பயிற்சி நடத்துங்கள், எந்த மாத்திரை எடுக்கிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு மருத்துவரையும் அழையுங்கள்.

இனி எங்களைப் பற்றிய எந்த விதியும் எங்களைக் கேட்காமல் வரக் கூடாது. அறுபதைத் தாண்டிய உறுப்பினர்களில் இருவரைக் குழுவில் வாக்குரிமையுடன் சேர்க்க வேண்டும். அவர்களை நாங்களே தேர்ந்தெடுத்து அனுப்புவோம்.

இந்தக் கோரிக்கைகளுக்கு அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாக எழுத்தில் பதில் தேவை. ஏற்றுக்கொள்ள முடியாதவை எவை, ஏன் என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், சங்க விதிகள் அனுமதிக்கிறபடி உறுப்பினர்களிடம் கையொப்பம் பெற்றுச் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கோருவோம். அதுவரை உங்கள் விதிக்குக் கட்டுப்பட்டு நான் முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டேன். மற்ற மூத்தவர்களையும் மேல்பக்கத் திருப்பங்களுக்குத் தனியாகப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்த்துறையில் தூண்டில் போடும் 68 வயது உறுப்பினர்